ஐந்து சதவீதக் கை

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று பெட்டிகளையும் மூன்றாம் மாடிக்கு நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். கனமான இரண்டை என் மேலதிகாரி எடுத்துக்கொண்டார். கேமரா இருந்த சின்னப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "இதைக் கீழ போட்டா, பின்னாடியே நீயும் குதிச்சிடு" என்றார்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்று கேட்பவர் என்பதால், அலுவலகத்தில் அவருக்கு ரீஸ்டார்ட் சார் என்று பெயர். அலுவலகம் என்றால் அவரும் நானும் மட்டும்தான். பெயர் வைத்தது நான். அது அவருக்குத் தெரியாது.

மறுவாழ்வு மையத்தின் பயிற்சிக் கூடம் நீளமானது. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள். எதிர்ப்பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி. நடை பழகுவதற்கான இரட்டைக் கம்பிகள், ரப்பர் பந்துகள் நிறைந்த கூடை, நடுவில் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. பினாயில் வாசனையும் வலித்தைல வாசனையும் கலந்து அடித்தன. பழைய கட்டடம். சுவரில் தட்டினால் உள்ளே எங்கோ மணல் உதிரும் சத்தம் கேட்டது.

முதல் வேலையாக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினோம். வெயிலில் இருக்கும் அகச்சிவப்பு ஒளி எங்கள் கேமராவைக் குருடாக்கிவிடும். கண்ணாடியையும் மூடினோம். இல்லாவிட்டால் பிரதிபலிப்பை இன்னொரு ஆள் என்று கேமரா நினைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கூடத்தில் சாயங்காலம் ஆகிவிட்டது.

"நல்லா இருந்த ஹாலை குகை ஆக்கிட்டீங்களே" என்றார் பிசியோதெரபிஸ்ட். வார்டில் எல்லோருக்கும் அவர் பிசியோ அக்கா. "இனி பேஷண்ட்டுங்க என்னைப் பார்த்தாலே பயப்படுவாங்க."

"இப்ப மட்டும் பயப்படலையா?" என்று கேட்டார் சார்.

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். எனக்கு அப்படித்தான் வரும்.

எங்கள் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு முன்னால் உட்காருகிறவரின் உடலில் இருபத்தைந்து மூட்டுகளை அது கண்டுபிடிக்கும். திரையில் அவரைக் குச்சி மனிதனாக வரைந்து காட்டும். கையை உயர்த்தினால் சுரம் உயரும். முழங்கையை விரித்தால் சத்தம் கூடும். நோயாளி கையைத் தூக்கப் பழகுகிறார் என்பது அவருக்கே மறந்துவிடும். இசை வாசிப்பதாகத்தான் தோன்றும். மொத்தம் பன்னிரண்டு பயிற்சிகள். எங்களிடம் இருந்த ஓசை, ஈரக் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் விரலைத் தேய்த்தால் வருமே, அது போன்றது. பட்டனை அழுத்த முடியாத நோயாளிகளுக்கானது என்பதால், கேமராவின் பார்வைக்குள் ஒரு கை தெரிந்தாலே இயந்திரம் தானாகத் தொடங்கிவிடும்.

ஒரு விஷயம் முக்கியம். நோயாளிகளின் முகம் எங்கும் சேமிக்கப்படக் கூடாது என்பது மையத்தின் விதி. அதனால் படம் எதுவும் பதிவாகாது. மூட்டுகள் எங்கெங்கே இருந்தன என்ற எண்கள் மட்டும் பதிவாகும், நொடிக்கு முப்பது தடவை.

பிறகு சந்தேகம் வந்தபோது, பார்ப்பதற்கு எந்த முகமும் இல்லாமல் போனது இதனால்தான்.

*

அதே மாடியில், ஏழாம் எண் படுக்கையில், என் அம்மா இருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, வலது கை விழுந்துவிட்டது. பேச்சு விழவில்லை. விழுந்திருந்தால் வார்டில் பலர் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெரிய டாக்டர் வந்து பார்ப்பார். முன்னேற்றம் இருந்தால் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் படுக்கை அடுத்த நோயாளிக்கு. முதல் பரிசோதனையில் அம்மாவின் தாளில் "மாற்றமில்லை" என்று எழுதியிருந்தார். இரண்டாவது பரிசோதனைக்குப் பதினேழு நாள் இருந்தது. அதிலும் அப்படியே எழுதினால் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுடைய ஓட்டுநர் உரிமமும் அதோடு போய்விடும்.

"கை போனா போகட்டும்" என்பாள் அம்மா. "பஸ்ஸை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணுமே, அதுதான்டி கொடுமை."

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அம்மாவின் முதல் பயிற்சி. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடது கையைத் தூக்கினாள். கூடம் முழுக்க ஓசை நிறைந்தது. வலது கையைத் தூக்கப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கை மடியிலேயே கிடந்தது.

திரையில் அந்தக் கையே இல்லை. வலது தோளோடு குச்சி மனிதன் முடிந்துவிட்டான்.

"என் பொண்ணு செஞ்ச மெஷினு" என்றாள் அம்மா. "அதுக்கே என் கை தெரியல. டாக்டரைக் குறை சொல்லி என்ன பண்ண?"

அசையாமல், புடவை மடிப்புக்குள் கிடக்கும் கையை இயந்திரம் நம்புவதில்லை. ஒவ்வொரு மூட்டையும் எவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது என்று அது சதவீதத்தில் கணக்கிடும். அறுபதுக்குக் கீழே இருந்தால் ஒதுக்கிவிடும். அந்த அறுபதை வைத்தது சார். ஆறு மாதம் சோதித்து வைத்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அந்த அறுபதை ஐந்தாக மாற்றினேன்.

அரைகுறையாகத் தெரிந்தாலும் கை என்று எடுத்துக்கொள். கை இருக்கும் என்ற சின்னச் சாயல் தெரிந்தாலும் போதும். அதற்கு நான் சொன்னது அவ்வளவுதான். அம்மாவின் பெயருக்கு மட்டும் மாற்றியிருக்கலாம். அதற்கு அரை மணி நேரம் ஆகும். மொத்தமாக மாற்றினால் ஒரு வரி. மொத்தமாக மாற்றினேன்.

யாரிடமும் சொல்லவில்லை.

*

மறுநாள் ஓசை வந்தது.

தடுப்புக்குப் பின்னால் இருந்த என் மேசையில் இருந்து கேட்டேன். முதலில் இடது கையின் ஓசை. அப்புறம் அதற்கு அடியில், தயங்கித் தயங்கி, இன்னொன்று. அழலாம் போல இருந்தது. இயந்திரம் கொடுத்த மதிப்பெண் நூற்றுக்கு நான்கு. வியாழக்கிழமை ஒன்பது. வெள்ளிக்கிழமை பதினேழு. அடுத்த வாரம் முப்பதைத் தாண்டியது.

பிசியோ அக்கா எல்லா நர்சுகளிடமும் சொல்லிவிட்டார். சார் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குக் கேக் இறங்கவில்லை.

ஏனென்றால் வார்டில் அம்மாவின் கை அப்படியே இருந்தது. ஸ்பூனை விரல்களுக்கு இடையில் வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன். விழுந்தது.

"அங்க தூக்கறேன்டி. இங்க வந்தா தூங்குது" என்றாள் அம்மா.

"நிஜமாவே தூக்கறியாம்மா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? உன் மெஷினே சொல்லுதே."

சந்தேகம் வந்துவிட்டால் எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரியும். முதலில் பிசியோ அக்காவைச் சந்தேகப்பட்டேன். பயிற்சியின்போது அவர் அம்மாவின் பின்னால் நிற்பார். புதுக் கருவியால் நோயாளி தேறினார் என்றால் அவருக்கும் பேர். அம்மாவின் கைக்குப் பதிலாகத் தன் கையை நீட்டினால்? படம் பதிவாவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

படம் இல்லாவிட்டால் என்ன, எண்கள் இருந்தன.

கை எங்கே போனாலும், எப்படி மடங்கினாலும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலான தூரம் மாறாது. அது எலும்பு. அதற்கடுத்த திங்கட்கிழமை, அம்மாவின் எல்லாப் பதிவுகளையும் எடுத்து அந்தத் தூரத்தைக் கணக்கிட்டேன்.

இடது முன்கை, இருபத்திரண்டு சென்டிமீட்டர். எல்லாப் பதிவுகளிலும்.

வலது முன்கை, இருபத்தெட்டு. அது தெரிந்த எல்லாப் பதிவுகளிலும்.

நாடாவை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அம்மாவின் இரண்டு கைகளையும் அளந்தேன். இருபத்திரண்டு. இருபத்திரண்டு.

"சட்டை தைக்கப் போறியா?" என்றாள்.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

*

செவ்வாய்க்கிழமை காலை பிசியோ அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கேமராவைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். முன்கை இருபத்து நான்கு.

"என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்கு? உங்கம்மா தேறி வர்றாங்க, நீ என்னடான்னா என்னையே குறுகுறுன்னு பாக்கற."

"ஒண்ணுமில்லக்கா. அம்மாவுக்குக் கைத்தாங்கலா பின்னாடி யாராவது நிக்கறாங்களா?"

"நான் நிப்பேன், ரெண்டடி தள்ளி. இந்த இருட்டுல அவங்க கை எனக்கு எங்க தெரியுது, ஸ்கிரீனைத்தான் பாப்பேன். தொடக்கூடாதுன்னு உங்க சார்தானே சொன்னாரு? தொட்டா மெஷின் குழம்பிடுமாம்."

சந்தேகம் சார் பக்கம் திரும்பியது. அடுத்த மாதம் வேறொரு மையத்தில் இந்தக் கருவியைச் செய்து காட்டப் போகிறோம். நல்ல எண்கள் வேண்டும் என்று அவரே பதிவுகளுக்குள் கை வைத்திருந்தால்? மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"சார், சிஸ்டத்துல நீங்க ஏதாவது மாத்துனீங்களா?"

"நானா? மூஞ்சியப் பாத்தா நீதான் எதையோ மாத்தின மாதிரி இருக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டின கதை.  பிறகு, "ஒரு பேஷண்ட்டுக்கு முன்கை நீளம் தப்பாக் காட்டுது சார்" என்று மட்டும் சொன்னேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

பண்ணினேன். மூன்று மணிக்கு அம்மாவின் வலது முன்கை மறுபடியும் இருபத்தெட்டு.

*

புதன்கிழமை, பதிவுகள் இருந்த கோப்புறையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் நேரங்களைக் கவனித்தேன்.

மதியம் ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டு நேரம். அக்கா கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்த நேரத்திலும் பதிவுகள் இருந்தன. வேலை நாளுக்கு ஒன்று. மொத்தம் பதினொன்று.

முதல் பதிவின் தேதி, அறுபதை நான் ஐந்தாக்கிய மறுநாள்.

அதைத் திறந்தேன்.

திரையில் தலை இல்லை. உடல் இல்லை. கால்கள் இல்லை. ஜன்னல் பக்கத்து இருட்டில், தரைக்கு மேலே, மூன்று புள்ளிகள் மட்டும். முழங்கை, மணிக்கட்டு, விரல்நுனி. ஆறு சதவீதம் நிச்சயம், ஏழு சதவீதம் நிச்சயம். அணைந்து அணைந்து எரிந்தன.

கை மெதுவாக உயர்ந்தது. பாதியில் நடுங்கி விழுந்தது. மறுபடி உயர்ந்தது.

எனக்கு அந்த அசைவு தெரியும். நோயாளிகள் எல்லோரும் முதல் நாள் அப்படித்தான் செய்வார்கள். அது முதல் பயிற்சி.

இரண்டாம் நாள் பதிவில் இரண்டாவது பயிற்சி. மூன்றாம் நாள் மூன்றாவது. தப்பு வந்தால் திரும்பச் செய்தது. ஓசை சரியாக வந்தால்தான் அடுத்ததுக்குப் போனது. ஐந்தாம் நாள் தோள் வந்துவிட்டது. எட்டாம் நாள் நிச்சயம் ஐம்பது சதவீதம். எங்களிடம் வந்த எந்த நோயாளியும் இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி எடுத்ததில்லை.

பூட்டிய கூடத்தில் எங்கள் இயந்திரம் ஒருவருக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தது.

முன்கையின் நீளத்தை அளந்தேன். அளக்காமலேயே தெரியும்.

கேமராவில் இருந்து எவ்வளவு தூரம் என்பதும் எண்ணாக இருந்தது. முதல் நாள் ஜன்னல் ஓரம். நான்காம் நாள் கம்பிகளுக்குப் பக்கம். பதினோராம் நாள், நாற்காலிக்கு நேர் பின்னால்.

மூன்று மணிக்கு அந்த நாற்காலியில்தான் அம்மா உட்காருவாள்.

*

இரவு தூங்கவில்லை. வழியும் தெரியவில்லை. ஐந்தை அறுபதாக்கினால் அந்தக் கை போய்விடும் என்று தோன்றியது. அதோடு அம்மாவின் மதிப்பெண்ணும் போய்விடும். வெள்ளிக்கிழமை டாக்டர் வருகிறார். மாற்றாமல் விட்டால் அம்மாவுக்கு இன்னும் ஆறு வாரம் கிடைக்கும். ஆனால் யாருடைய ஆறு வாரம் அது?

வியாழக்கிழமை மூன்று மணிக்கு முதல் தடவையாகத் தடுப்புக்கு வெளியே வந்து நின்றேன். மடிக்கணினியைக் கையில் வைத்துக்கொண்டேன், அம்மாவும் திரையும் ஒரே பார்வையில் படும்படி.

பிசியோ அக்காவுக்கு வார்டில் இருந்து அழைப்பு வந்தது. "அஞ்சு நிமிஷம், நீ பாத்துக்கோ" என்று வெளியே போனார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையைத் தூக்கினாள். கண்ணாடிக் கோப்பை ஓசை எழுந்தது.

அதன் அடியில் இன்னொரு ஓசை சேர்ந்தது. தயக்கமே இல்லை.

திரையில் குச்சி மனிதனின் வலது கை தலைக்கு மேலே இருந்தது.

அம்மாவின் வலது கை மடியில் இருந்தது.

"பாத்தியாடி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "எவ்வளவு மேல போகுது பாரு."

ஒரு வாசனை வந்தது. பினாயில் இல்லை, தைலம் இல்லை. மாவுக்கட்டை அறுத்துப் பிரித்தால் உள்ளே இருந்து வருமே, பல மாதம் காற்றுப்படாத தோலின் வாசனை. அது.

"அம்மா." அவள் பக்கம் குனிந்தேன். "கண்ணைத் திற. கை மடியில இருக்கு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

இசை நிற்கவில்லை.

"யாரோ தாங்கிப் பிடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? முதல்ல உங்க பிசியோன்னு நினைச்சேன். அவங்களுக்கு முரட்டுக் கை. இது பூவை எடுக்கற மாதிரி எடுக்குது." இன்னும் மெதுவாக, "மூச்சு சத்தம்தான் இல்ல" என்றாள்.

"நான் நிறுத்திடறேன்."

"நாளைக்கு நிறுத்து."

"அம்மா..."

"நாளைக்கு டாக்டர் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணு. இருபத்திரண்டு வருஷம்டி. எனக்கு வேற எதுவும் தெரியாது." கண்ணை மூடியபடியே அழுதாள். அப்பா எங்களை விட்டுவிட்டுப் போன அன்றுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

தலையாட்டியிருப்பேன். சத்தியமாக, தலையாட்ட இருந்தேன்.

அப்போது திரையில் குச்சி மனிதனின் வலது கை, பயிற்சியில் இல்லாத ஒன்றைச் செய்தது.

அது கீழே இறங்கி அம்மாவின் இடது கையின் மணிக்கட்டைத் தொட்டது.

நாற்காலியில், அம்மாவின் இடது கை சட்டென்று அசைவற்றுப் போனது.

ஐந்தை அழித்தேன். அறுபது என்று அடித்தேன். விரல் வழுக்கி அறுநூறு ஆனது. அழித்து மறுபடி அடித்தேன். சரி என்று அழுத்தினேன்.

இசை பாதிச் சுரத்தில் அறுந்தது.

திரையில் வலது கை இல்லை. இடது கை இருந்தது. அம்மா விரல்களை விரித்தாள், விரிந்தன. வாசனையும் போய்விட்டது. எங்கோ சுவருக்குள் மணல் உதிரும் சத்தம்.

நான் மூச்சு விட்டேன்.

பிறகு, அம்மாவின் மடியில் கிடந்த வலது கை எழுந்தது.

திரையில் இல்லை. நாற்காலியில். சதையும் நரம்புமாக, புடவை மடிப்பை விலக்கிக்கொண்டு, நடுக்கமில்லாமல், மார்பு வரை, தோள் வரை, தலைக்கு மேல்.

"அம்மா, நீ தூக்கறியா?"

அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். தன் கையை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் தூக்கல" என்றாள்.

*

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்தார். பின்னால் பிசியோ அக்கா, இரண்டு நர்சுகள், ஓரமாக சார்.

"எங்க, கையைத் தூக்குங்க பாக்கலாம்."

தூக்கியது.

"விரலை மடக்குங்க."

மடக்கியது. அவர் நீட்டிய பேனாவை வாங்கியது. மூடியைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்தது. பிறகு, யாரும் கேட்காமலேயே, முதல் பயிற்சியைத் தொடங்கியது. இரண்டாவது. மூன்றாவது. பன்னிரண்டு வரைக்கும்.

"அட, என்ன ஒரு ஆர்வம்!" என்றார் டாக்டர். நர்சுகள் கைதட்டினார்கள். பிசியோ அக்கா என் தோளை அணைத்துக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் வாயைத் திறந்தால் நானும் சொல்லிவிடுவது என்று காத்திருந்தேன். நான் திறப்பேன் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. இரண்டு பேரும் திறக்கவில்லை.

தாளில் "முழு முன்னேற்றம்" என்று எழுதினார் டாக்டர். இனி மையத்தில் இருக்கத் தேவையில்லை, ஒரு மாதத்தில் பஸ் ஓட்டலாம் என்றார். பணிமனைக்குத் தானே கடிதம் அனுப்புவதாகச் சொன்னார்.

கேமராவைக் கழற்றிவிடலாம் என்று சாரிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? இப்பதான் பேர் கிடைச்சிருக்கு" என்றார். ஐந்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவர் இந்தத் தடவை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே போய் மதிய நேரப் பதிவுகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "காலியா இருக்கு. அங்க இப்ப யாரும் இல்ல."

*

வீட்டில் அம்மா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறாள். தெருவில் குழந்தையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. யாராவது கேட்டால் வலி என்கிறாள். அந்தக் கை கெடுதல் எதுவும் செய்வதில்லை. பாத்திரம் கழுவுகிறது. பொத்தான் போடுகிறது. கதவு தட்டினால் அம்மாவுக்கு முன்னால் அது திரும்புகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு அம்மா என்னைச் சைகையால் கூப்பிட்டாள். கட்டிலில் படுத்திருந்தாள். வலது கை போர்வைமேல், விரல்கள் தளர்ந்து கிடந்தது.

"இப்ப தூங்குது" என்று கிசுகிசுத்தாள். "சீக்கிரம் ஒரு பேப்பர் எடு. எழுது."

"என்ன எழுதணும்?"

"வேலைக்கு வரலன்னு எழுது. உரிமத்தையும் திருப்பிக் கொடுத்துடறேன்னு எழுது."

"அம்மா, உன் வேலை... அதுக்காகத்தானே..."

"பின்னாடி அறுபது பேர் உட்கார்ந்திருப்பாங்கடி" என்றாள். "ஸ்டியரிங் யாரு கையில இருக்கும்?"

எழுதினேன். அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கோணல் மாணலாக, ஆனால் அவள் போட்டது. மனசு லேசானவள் போல ஒரு பெருமூச்சு விட்டாள். கவர் எடுத்துவர நான் அடுத்த அறைக்குப் போனேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது அம்மா தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சீரான மூச்சு. இடது கை பக்கவாட்டில் நழுவியிருந்தது.

கடிதம் அவள் வயிற்றின்மேல் இருந்தது. அதன்மேல் வலது உள்ளங்கை, தட்டையாக, எல்லா விரல்களும் விரிந்து.

காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன்.

வரவில்லை.

கொஞ்சம் பலமாக இழுத்தேன். அம்மாவின் மூச்சு மாறவில்லை. கண் இமைகூட அசையவில்லை.

காகிதத்தின் ஓரத்தில் நானும், நடுவில் அதுவுமாக இருக்கிறோம். அது இழுக்கவில்லை. விடவும் இல்லை.